185 கிலோமீற்றர் என்று திரையில் இருந்தது

அக்காவுக்குத் திருச்சியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். 2025 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்குத் தியேட்டருக்குள் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். 1990இல் மறுபடி சண்டை மூண்டபோது அக்காவும் அத்தானும் மன்னாருக்குப் போய், அங்கிருந்து படகேறி மண்டபம் சேர்ந்தவர்கள். பிறகு திருச்சி கொட்டப்பட்டு முகாம், அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலேயே ஒரு வாடகை வீடு. எனக்கு அப்போது பதினாறு வயது. அம்மாவோடு திருகோணமலையிலேயே நின்றுவிட்டேன். இந்த முப்பத்தைந்து வருடத்தில் அக்காவை நேரில் பார்த்தது மூன்றே தடவை. அத்தானும் இப்போது இல்லை. "நீ வந்து நிண்டால் எனக்குப் பயமில்லை பிள்ளை" என்று போனில் சொன்னார். அவர் உள்ளே போகுமுன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் எண்ணம். அதற்கு நான் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். திருகோணமலை, மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து இந்தியாவுக்குப் போக யோசிக்கிற யாருக்காவது உதவட்டும்.

டிக்கெட் போடுகிற வேலையெல்லாம் லண்டனில் இருக்கும் மகன்தான் பார்ப்பான். யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலியிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் அந்த மார்ச் 30ஆம் திகதிதான் தொடங்கியிருந்தது. அதைக் கேள்விப்பட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவுக்கு இறங்கிப் போய், அங்கிருந்து திரும்ப வடக்கே ஏறுகிற வேலை மிச்சம் என்று நினைத்தேன். புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் புறப்படுகிற விமானத்தில் அவன் இடம் போட்டான். ஒரு வழிக்கு இலங்கைக் காசில் 19,000 ரூபாய். அப்புறம், திருகோணமலையிலிருந்து பலாலிக்கு எப்படிப் போவது என்று இணையத்தில் தேடி, ஒரு பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். திருகோணமலை சீனக்குடா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் விமான நிலையத்துக்கு 185 கிலோமீற்றர், 115 மைல், 100 கடல்மைல், பறக்கும் நேரம் 45 நிமிடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு நீலப் பொத்தான், "விமானங்களைத் தேடு" என்று. "அம்மா, காலமை ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில பலாலியில நிப்பீங்கள்" என்றான்.

எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும், சீனக்குடா விமானப்படையின் இடம். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு மேலாலேயே பயிற்சி விமானங்கள் நாள் முழுக்கச் சுற்றும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரர் குண்டு போட்ட விமானத்தளம் அதுதான் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு கொழும்புப் பக்கத்திலிருந்து சின்ன விமானங்கள் அங்கே வந்து இறங்குவதையும் கண்டிருக்கிறேன். ஆகவே பலாலிக்கும் ஒன்று இருக்கும் என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ரவுணில் ஒரு டிராவல்ஸ் கடையில் கேட்டேன். அங்கிருந்தவர் இல்லை என்று சொல்லவில்லை. "செய்து தரலாம் டீச்சர், 20,000 முற்பணம் வையுங்கோ, நேரம் பிறகு சொல்லுறன்" என்றார். வைத்துவிட்டு வந்தேன். துண்டு ஒன்று எழுதித் தந்தார். அதில் திகதி இருந்தது, என் பெயர் இருந்தது. விமான இலக்கம் இருக்கவில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும். எந்த விமானச் சேவைக்கும் ஒரு இலக்கம் உண்டு, இரண்டு எழுத்தும் சில எண்களும். வாரத்தில் எந்தெந்த நாள் ஓடுகிறது என்ற அட்டவணை உண்டு. காசு வாங்குகிறவர் அந்த இலக்கத்தைச் சொல்ல முடியவில்லை என்றால், அவர் கையில் விமானம் இல்லை, முயற்சி செய்து பார்க்கிற எண்ணம் மட்டுமே இருக்கிறது. வாடகைக்கு முழு விமானத்தையே அமர்த்திப் போகிற வழி உண்டு. ஆனால் அதற்கு ஆள் சேர வேண்டும், அல்லது ஒரே ஆள் முழுக் காசையும் கட்ட வேண்டும். என் கடைக்காரர் ஆள் சேருமா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குத்தான் எனக்குக் கோல் எடுத்தார். "ஆக்கள் காணாது டீச்சர், நாளைக்கு இல்லை." பிறகு எவ்வளவோ கதைத்து, முற்பணத்தில் பாதி திரும்பி வந்தது.

அந்த 45 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பின்னாட்களில் உட்கார்ந்து பார்த்தேன். நான் கணித ஆசிரியை, முதலே பார்த்திருக்க வேண்டியது. உலகத்தில் பதிவான விமான நிலையங்களுக்கு மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறது. சீனக்குடாவுக்கு டி.ஆர்.ஆர்., பலாலிக்கு ஜே.ஏ.எஃப். ஒவ்வொன்றின் அகலக்கோடும் நெடுங்கோடும் ஒரு பட்டியலில் கிடக்கின்றன. இந்த மாதிரிப் பக்கங்கள் எந்த இரண்டு குறியீட்டைக் கொடுத்தாலும் அவற்றுக்கு நடுவில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு போட்டு, பூமியின் வளைவையும் சேர்த்துத் தூரத்தைக் கணக்கிடும். அந்தத் தூரத்தைப் பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தால், மணிக்கு 800 கிலோமீற்றர் அளவில், வகுக்கும். அதோடு ஏறவும் இறங்கவும் என்று ஒரு அரை மணித்தியாலத்தைக் கூட்டும். 185ஐ 800ஆல் வகுத்தால் 14 நிமிடம். 30ஐக் கூட்டினால் 44. அதுதான் என் "45 நிமிடம்". அந்தத் தடத்தில் விமானம் ஓடுகிறதா என்று அந்தப் பக்கம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற வேலை அதற்கு இல்லவும் இல்லை. கணக்கு பிழையில்லை, அதைப் பயண அட்டவணை என்று நாங்கள் வாசித்ததுதான் பிழை.

செவ்வாய் இரவு எட்டரை மணி. மறுநாள் பிற்பகல் பலாலியில் நிற்க வேண்டும். அப்போதும் எனக்குப் பெரிய பயம் வரவில்லை, ஏனென்றால் மனதில் அந்த 185 இருந்தது. மகனும் "115 மைல்தானே அம்மா, இங்க என்றால் ரெண்டு மணித்தியாலம், அங்க நாலு என்று வையுங்கோ" என்றான். நான் யாழ்ப்பாணம் போனது வாழ்நாளில் இரண்டு முறை, இரண்டும் இரவு பஸ்ஸில் தூங்கியபடி. வழியையும் நேரத்தையும் பார்த்து வைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் மூலம் கிண்ணியாவில் ஒரு வான்காரத் தம்பியைப் பிடித்தேன். போக மட்டும் 38,000 ரூபாய். அவர் பெரும்பாலும் கொழும்புக்கு ஓடுகிறவர். "எத்தனை மணிக்கு வரட்டும் டீச்சர்?" என்று கேட்டார். "185 கிலோமீற்றர் தம்பி, எட்டரைக்கு வாங்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்த ரோட்டால டீச்சர் 185?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நான் நின்றிருக்க வேண்டும். "நெட்டில இருக்கு தம்பி" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

ரோட்டில் 185 இல்லை. திருகோணமலையிலிருந்து பன்குளம் தாண்டி ஹொரவப்பொத்தானை, அங்கே வலப்பக்கம் திரும்பி வவுனியா. அதுவே ஏறத்தாழ 100 கிலோமீற்றர். வவுனியாவிலிருந்து ஏ9 பாதையில் புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு, பளை, சாவகச்சேரி என்று இன்னொரு 140. பலாலி வாசலில் நின்றபோது வான் மீற்றரில் 240க்கு மேல் காட்டியது. நேர்கோட்டுத் தூரத்தோடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால்தான் எங்கள் பாதைத் தூரம் வருகிறது. அதை மணிக்கு 45 கிலோமீற்றர் என்று வகுத்துப் பாருங்கள். வானின் முள் 70இல் நிற்கலாம், ஆனால் ஊர், சந்தி, பள்ளிக்கூட வாசல், மாடு, ஒரு தேத்தண்ணி எல்லாம் சேர்ந்தால் சராசரி அவ்வளவுதான். ஐந்தரை மணித்தியாலம் என்று வருகிறதா? நான் வைத்தது நாலு.

காலை எட்டரைக்கு வரச் சொன்னவர் எட்டேகாலுக்கே வந்துவிட்டார். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை. ஹொரவப்பொத்தானை தாண்டி வவுனியாவுக்குப் போகிற காட்டுப் பாதையில் பின் சில்லு காற்றுப் போனது. வெயிலில் அவர் ஜாக்கியை வைத்து ஏற்ற, நான் நட்டுகளை என் கைக்குட்டையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். ஐந்து நட்டு. ஒன்றைத் தவறவிட்டுப் புல்லுக்குள் தேடினோம். ஸ்பெயார் சில்லிலும் காற்றுக் குறைவு. மெல்ல உருட்டிக்கொண்டு வவுனியா வந்து ஒட்டுக் கடையில் சரிபார்த்து வெளிக்கிட்டபோது பதினொன்றேகால். அப்போதுதான் வீதியோரக் கல்லில் யாழ்ப்பாணத்துக்கு எத்தனை கிலோமீற்றர் என்று பார்த்தேன். வயிற்றுக்குள் ஏதோ கவிழ்ந்த மாதிரி இருந்தது. மாங்குளத்தில் நிற்கவில்லை. கிளிநொச்சியில் தம்பிக்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்க மட்டும் நின்றோம். ஆனையிறவு வெளியில் இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. நான் கைக்கடிகாரத்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. கைதடியில் திரும்பிக் கோப்பாய், உரும்பிராய் ஊடாகப் போய்ப் பலாலியில் இறங்கியபோது நேரம் 2.18.

கவுண்டர் மூடியிருந்தது. விமானம் இன்னும் ஓடுபாதைப் பக்கமே நிற்கிறது, ஆட்கள் ஏறக்கூட இல்லை. நான் அந்தப் பிள்ளையிடம் கெஞ்சினேன். அக்காவின் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினேன். அவர் பொறுமையாக, என் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்த வரியைக் காட்டினார். சர்வதேசப் பயணத்துக்கு கவுண்டர் புறப்படும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே மூடிவிடும். நான் புறப்படும் நேரத்தை மட்டும் பார்த்து வைத்திருந்தேன். தயவுசெய்து டிக்கெட்டில் அந்த மூடும் நேரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதைச் சுற்றி வட்டம் போடுங்கள். உங்கள் விமானத்தின் நேரம் அதுதான். விமானம் ஓடி, எழும்பி, கடல் பக்கமாகத் திரும்பிப் போகிற சத்தத்தை வெளியே ஒரு வேப்ப மரத்தடியில் என் இரண்டு பைகளோடு நின்று கேட்டேன். அழுதேன். வான்காரத் தம்பி திரும்பிப் போகாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, "யாழ்ப்பாணத்தில் ஒரு ரூம் எடுப்போம் டீச்சர், நான் கொண்டுபோய் விட்டிட்டுப் போறன்" என்றார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அன்றிரவு யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதி அறையில் தனியே இருந்தேன். சாப்பிடவில்லை. அக்காவுக்குச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று ஒரு மணித்தியாலம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "சரி பிள்ளை, நான் கண் முழிக்கேக்க நீ நிப்பாய்தானே" என்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் நல்லூர்க் கோயில் வீதியில் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர்தான் அக்காவோடு தியேட்டர் வாசல் வரை போனார். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று பத்தரைக்கு அவர் சொல்லும்வரை நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. காசு போனது பிறகு தெரிந்தது. அந்த மூன்றரை மணித்தியாலம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வியாழக்கிழமை விமானத்துக்கு மகன் மறுபடி டிக்கெட் எடுத்தான். கடைசி நாள் விலை, 41,000. அன்று நான் பன்னிரண்டு மணிக்கே பலாலியில் இருந்தேன். இந்த முறை ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எல்லா நேரத்தையும் எழுதினேன். கதவு மூடியது 2.49. சில்லு நிலத்தை விட்டது 3.01. இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும் ஏ.டி.ஆர். விமானம், ஜெட் இல்லை. கொஞ்ச நேரம் கடல், பிறகு தமிழ்நாட்டுக் கரை, வயல், குளம். திருச்சியில் சில்லு நிலத்தைத் தொட்டது 3.40. கதவு திறந்தது 3.50. அட்டவணையில் ஒரு மணித்தியாலம் என்று இருந்தது. வானத்தில் இருந்தது 39 நிமிடம். அட்டவணை நேரம் என்பது கதவு மூடி நகரத் தொடங்குவதிலிருந்து மற்றப் பக்கம் போய் நிற்கும்வரை. அதற்குள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மெல்ல ஏறுவதும், இறங்க வரிசைக்கு நிற்பதும், பிந்தினால் சமாளிக்க வைத்திருக்கிற சில நிமிடங்களும் அடங்கும். ஆகவே இணைப்பு விமானமோ, உங்களைக் கூட்டிப்போக வருகிறவரோ இருந்தால் அட்டவணை நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். அதன்மேல் குடிவரவுக்கும் பொதிக்கும் ஒரு மணித்தியாலம் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொப்பியில் இந்த நேரங்களை எழுதியபின் பலாலிக்கும் திருச்சிக்கும் உள்ள நேர்கோட்டுத் தூரத்தைப் பார்த்தேன். அதுவும் ஏறக்குறைய 185 கிலோமீற்றர்தான். சீனக்குடாவிலிருந்து பலாலி எவ்வளவோ, பலாலியிலிருந்து கடல் கடந்து திருச்சி அவ்வளவு. ஒரே தூரம். ஒன்றுக்கு 39 நிமிடம். மற்றதற்கு ஆறு மணித்தியாலமும், ஒரு காற்றுப் போன சில்லும், என் அக்காவின் தனிமையும். அந்த எண்ணை நான் இப்போதும் பார்த்தால் நெஞ்சு ஒருமுறை இறுகும்.

அக்கா கண் முழித்தபோது நான் நிற்கவில்லை, ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு நின்றேன். கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். மற்றக் கையால் என் முகத்தைத் தடவி, "கறுத்துப் போனாய்" என்றார்.

காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. மறுபடி வாங்கிய டிக்கெட் 41,000, டிராவல்ஸ் கடையில் திரும்பி வராத முற்பணம் 10,000, விடுதியும் சாப்பாடும் 8,000, ஓட்டோ 3,000. சரியாகப் போயிருந்தால் செலவாகியிருக்காத 62,000 ரூபாய். ஒன்று மட்டும் பிறகு தெரிந்துகொண்டேன். விமானத்தைத் தவறவிட்டால் கட்டணம் போகும், ஆனால் டிக்கெட்டோடு சேர்த்து வாங்கிய அரசாங்க வரியும் விமான நிலையக் கட்டணமும் திருப்பித் தரப்பட வேண்டியவை என்பது இந்திய விமானத்துறையின் விதி. எழுதிக் கேட்க வேண்டும், தானாக வராது. மகன் எழுதிக் கேட்டான். எனக்கு 3,000 சொச்சம் கிடைத்தது. சின்னத் தொகைதான், ஆனாலும் உங்கள் காசு.

பதினெட்டு நாள் நின்றுவிட்டு, திரும்பும்போது வேண்டுமென்றே கட்டுநாயக்கா வழியால் வந்தேன். எது உண்மையில் கிட்ட என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. திருச்சியிலிருந்து கட்டுநாயக்கா நேர்கோட்டில் 415 கிலோமீற்றருக்கு மேல், பலாலியைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆனால் அது ஜெட் விமானம். அட்டவணையில் அதுவும் ஒரு மணித்தியாலமளவுதான். குறுகிய பயணங்களில் தூரம் இரட்டித்தாலும் நேரம் இரட்டிக்காது, ஏனென்றால் ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் எவ்வளவு தூரத்துக்கும் அதே நேரத்தை எடுக்கும். கட்டுநாயக்காவிலிருந்து வீட்டுக்கு குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறத்தாழ 250 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலம். கொழும்புக்கு இரவு ரயிலும் இருக்கிறது. மாலையில் திருகோணமலையில் ஏறினால் விடியுமுன் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறக்கிவிடும். கையில் காசு குறைவானவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை, வானுக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத காசு.

இரண்டு வழியையும் வீட்டு வாசலிலிருந்து கொட்டப்பட்டு அக்கா வீட்டு வாசல் வரை கூட்டிப் பார்த்தேன். பலாலி வழியாகப் பாதைக்கு ஐந்தரை, முன்கூட்டிப் போய் நிற்க இரண்டரை, விமானம் ஒன்று, இறங்கி வெளியே வர ஒன்று, திருச்சியில் கொஞ்சம். பத்தரை மணித்தியாலம் போல வரும். கட்டுநாயக்கா வழியாகப் பாதைக்கு ஆறு, அங்கே கூட்டம் அதிகம் என்பதால் மூன்று, விமானம் ஒன்று, வெளியே வர ஒன்று. பதினொன்று சொச்சம். திருகோணமலைக்காரருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! யாழ்ப்பாணத்தில் இருக்கிறவருக்குப் பலாலி எவ்வளவு பெரிய வசதியோ, அதே வசதி எங்களுக்கும் என்று நினைத்தது என் தவறு. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பலாலியில் ஒரு நாளைக்குப் போகிற விமானங்கள் மிகக் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்த நாள்தான். கட்டுநாயக்காவில் விட்டால் காசு போகும், ஆனால் அன்றே சென்னைக்கோ மதுரைக்கோ ஏதாவது ஒன்றில் ஏறி, மிச்சத்தை ரயிலிலோ பஸ்ஸிலோ போகலாம். ஒரு குறித்த மணிக்குக் கட்டாயம் போய் நிற்க வேண்டிய பயணம் என்றால், இதை நினைத்துத்தான் வழியைத் தெரிவு செய்ய வேண்டும்.

பலாலிச் சேவை நின்று நின்று வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது 2019 அக்டோபர் 17. நவம்பரில் சென்னை விமானம் தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பர் வரை ஒன்றுமில்லை. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலும் அப்படித்தான், நின்று 2024 ஓகஸ்டில் மறுபடி வந்தது. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே போன வருடம் போய் வந்தவர் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள். விமான நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் நீங்கள் போகிற திகதியைப் போட்டு, இலக்கமும் நேரமும் வருகிறதா என்று பாருங்கள். பிறகு போவதற்கு இரண்டு நாளைக்கு முன் ஒருமுறை மறுபடி பாருங்கள். ஏ.டி.ஆர். சின்ன விமானம், பொதி எடையையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நான் அக்காவுக்குக் கொண்டுபோன கருவாட்டுப் பொட்டலத்தைக் கடைசி நேரத்தில் கைப்பையில் திணிக்க வேண்டி வந்தது. இந்தியாவுக்கும் எங்களுக்கும் கடிகாரத்தில் வித்தியாசம் இல்லை, 2006இலிருந்து இரண்டும் ஒரே நேரம். ஆனால் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் டிக்கெட் போட்டால், அவர்கள் போனில் எழும் நினைவூட்டல் அவர்கள் ஊர் நேரத்தில் வரும். கோடைகாலத்தில் லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். மகன் சொல்கிற "பத்து மணி" யாருடைய பத்து மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதைத் தூரத்துக்கு விமான நிலையப் பக்கங்களைப் பார்க்கவே வேண்டாம். அந்தப் பாதையில் ஓடுகிற பஸ் சாரதியிடம் கேளுங்கள், தூரத்தை அல்ல, நேரத்தை. "வெளிக்கிட்டால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீங்கள்?" என்று கேட்டால் அவர் சில்லுக் காற்றுப் போவதையும் சேர்த்தே பதில் சொல்வார். முடிந்தால் முதல் நாளே போய் யாழ்ப்பாணத்தில் தங்கிவிடுங்கள். நான் தவறவிட்ட பிறகு கொடுத்த அதே விடுதிக் காசைத் தவறவிடுமுன் கொடுத்திருந்தால், அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

மகனிடம் எனக்குக் கோபம் இல்லை. அவன் அந்தப் படத்தை அனுப்பியபோது, அம்மா கஷ்டப்படாமல் போக வேண்டும் என்று நினைத்துத்தான் அனுப்பினான். அன்றிரவு அவனும் தூங்கவில்லை என்று மருமகள் பிறகு சொன்னாள்.

அக்காவுக்கு டிசம்பரில் மறுபரிசோதனை. டிக்கெட் எடுத்தாயிற்று, பலாலி வழிதான். மழைக்காலம் என்பதால் முதல் நாளே வெளிக்கிடுகிறேன். அதே வான்காரத் தம்பிக்குக் கோல் எடுத்தேன். "எத்தனை மணிக்கு டீச்சர்?" என்றார். "நீங்கள் சொல்லுங்கோ தம்பி" என்றேன். "விடிய ஐந்து மணி" என்றார். சரி என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.